எக்ஸ்4 காட் எக்ஸ்1 ஆகி நிண்ட கதை: கேர்னலிட்டைக் கேட்டுப் பிடிச்ச ஒரு பிழை

கொக்குவில் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை வீடியோ ஸ்ரூடியோ வைச்சிருக்கிறார். கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு எல்லாத்துக்கும் போவினம், ஆனா பேரும் வருமானமும் கோயில் திருவிழா லைவிலைதான், ஏனெண்டா வீதியிலை நிண்டு சுவாமி பாக்கிற சனத்தைவிட ரொறன்ரோவிலையும் லண்டனிலையும் பரிசிலையும் இருந்து போனிலை பாக்கிற சனம் கூட. வரேலாமப் போன ஊருக்கு அண்டைக்கு ஒருக்கா வந்து நிக்கிற மாதிரித்தான் அவையளுக்கு அது.

அந்த லைவ் இந்த ஆனியிலை ஒரு கொடியேத்தத்தண்டு தத்தத் தொடங்கிட்டுது. சத்தம் ஒழுங்கா வருது, படம் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா இறுகி நிண்டிட்டுப் பாயுது. கொடி மரத்திலை ஏறுற நேரம் படம் அப்பிடியே நிண்டு, திரும்ப ஓடேக்கை கொடி மேலை நிக்குது. பத்து நிமிசத்துக்குள்ளை போனுக்கு மேலை போன். அண்ணை அண்டைக்குச் சாப்பிடவும் இல்லை எண்டு அக்கா சொன்னவ. அடுத்தநாள் விடிய என்னைக் கூப்பிட்டு "தம்பி, தேருக்கு இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு, ஒருக்கா வந்து பார்" எண்டார்.

மெசினை நான்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னம் பூட்டிக் குடுத்தனான். உபுண்டு லினக்ஸ், உள்ளுக்கை கமராப் படத்தை மெசினுக்குள்ளை எடுக்கிற ஒரு பழைய காப்ச்சர் காட், ஓபிஎஸ் எண்ட மென்பொருளாலை லைவ். கமராவிலை இருந்து எச்டிஎம்ஐ வயர் வந்து அந்தக் காட்டிலை ஏறும். போன வருசம் முழுக்க 1080ஐ50ல (செக்கனுக்கு 50 அரைப்படம்) ஓடினது, ஒரு பிழையும் இல்லை. வைகாசியிலை அண்ணை காசைச் சேர்த்து ஒரு புதுக் கமரா எடுத்தவர், அதோடை 1080பி50க்கு (செக்கனுக்கு 50 முழுப்படம்) மாறினவை. பிழை அதுக்குப் பிறகுதான் வந்தது, அதாலை ஸ்ரூடியோவிலை நிண்ட எல்லாற்றை விரலும் கமராவைத்தான் காட்டினது. நான் போகமுன்னமே ரெண்டு எச்டிஎம்ஐ வயர் புதுசா வாங்கி மாத்தியும் பாத்திட்டினம்.

நான் முதல் செய்தது கமரா அனுப்புற சிக்னலைக் காட் என்னெண்டு விளங்கியிருக்கு எண்டு கேட்டது. வீ4எல்2சிடிஎல் எண்ட கருவியிலை அதுக்கு ரெண்டு கேள்வி இருக்கு, பாக்க ஒண்டு மாதிரி இருக்கும் ஆனா ஒண்டில்லை. கெட் டிவி ரைமிங்ஸ் எண்டு கேட்டா, இப்ப என்ன அளவு செற் பண்ணிக் கிடக்கு எண்டு டிறைவர் (காட்டை ஓட்டிற மென்பொருள்) தன்ரை ஞாபகத்திலை இருந்து சொல்லும். குவெரி டிவி ரைமிங்ஸ் எண்டு கேட்டா டிறைவர் காட்டிலை இருக்கிற சிப்பிட்டையே போய், இந்த நிமிசம் வயரிலை என்ன வருது எண்டு கேட்டு வந்து சொல்லும். ஸ்ரூடியோவிலை வேலை பழகிற தம்பி ஒருத்தன் பக்கத்திலை நிண்டவன், அவனுக்குக் காட்ட வேணும் எண்டு வயரைக் கழட்டிப்போட்டு ரெண்டையும் கேட்டன். கெட் 1080பி50 எண்டு நிண்டது, குவெரி லிங்க் இல்லை எண்டு பிழை தந்தது. அவன் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டான். வயரைத் திருப்பிப் பூட்டினாப் பிறகு ரெண்டும் 1080பி50 எண்டு ஒரே பதில், பத்துத்தரம் கேட்டும் மாறேல்லை. அப்ப கமராவும் வயரும் சுத்தம்.

அடுத்தது டிஸ்க். ஹாட்டிஸ்க் எழுதக் காணாம இருக்கோ எண்டு, ரெக்கோடிங்கை ராமுக்குள்ளை ஒரு ரெம்ப்எஃப்எஸ் போட்டு அதுக்குள்ளை எழுத விட்டன், அப்பவும் பிறேம் விழுது, அதாவது இடையிலை படம் தவறிப்போகுது. சிபியூ அரைவாசி கூட ஓடேல்லை. இன்ரநெற்றும் இல்லை, ஏனெண்டா லைவே போடாம வெறும் ரெக்கோட் பண்ணினாலும் தத்துது.

பிறகு கமராவை 720பி50க்கு மாத்திப் பாத்தன், இதுதான் எனக்கு வழி காட்டினது. செக்கனுக்கு அதே 50 பிறேம், ஒண்டும் விழேல்லை. 1080ஐ50க்குப் போனாலும் விழேல்லை. 1080பி50க்கு வந்தா விழுது. அப்ப பிறேம் எண்ணிக்கையிலை பிரச்சினை இல்லை, பைற் கனத்திலைதான் பிரச்சினை. எங்கையோ ஒரு குழாய் ஒடுங்கிப்போய் நிக்குது.

அதுக்குப் பிறகுதான் கேர்னலிட்டை, அதாவது லினக்ஸின்ரை மையத்திலை நிண்டு ஹாட்வெயரோடை கதைக்கிற பகுதியிட்டை, அந்தக் காட்டைப் பற்றிக் கேட்கப் போனன். மெசினிலை இருக்கிற காட்டுகளைப் பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கட்டளையை, விபரமாச் சொல்லட்டும் எண்டு ரெண்டு வீ போட்டு அடிச்சன். காட்டின்ரை பேர், ஐஆர்கியூ, மெமரி முகவரி எல்லாம் வந்தது, கேபபிலிற்றீஸ் எண்ட இடத்திலை மட்டும் அக்செஸ் டினைட் எண்டு நிண்டது. கனபேர் இதிலைதான் திரும்பிப் போறவை, காட்டே பழுது எண்டு முடிவு கட்டிற ஆக்களும் இருக்கினம். விசயம் என்னெண்டா ஒவ்வொரு பிசிஐ டிவைசுக்கும் (மதர்போர்ட் ஸ்லொட்டிலை செருகிற காட் மாதிரியானது) கொன்ஃபிக் ஸ்பேஸ் எண்டு ஒரு சின்னப் புத்தகம் இருக்கு, பழைய பிசிஐயிலை 256 பைற், பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸிலை 4096 பைற். அதிலை முதல் 64 பைற்றைத்தான் கேர்னல் சாதாரண யூசருக்கு வாசிக்கத் தரும், மிச்சத்துக்கு ரூட் அதிகாரம் வேணும். உந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கு. சில சிப்புகள் தாங்கள் வரையறுக்காத இடத்தை ஆராவது வாசிக்கத் தெண்டிச்சா அப்பிடியே உறைஞ்சுபோயிடும், அதைக் கேர்னல் எழுதின ஆக்கள் அந்த இடத்துக் கோட்டுக்குள்ளையே குறிப்பா எழுதி வைச்சிருக்கினம். வாசிக்கிறதுதானே, அதாலை என்ன வரப்போகுது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இதை நான் எப்பவும் சொல்லுறனான். வாசிச்சாலே அழிஞ்சுபோற ரெஜிஸ்டருகளும் ஹாட்வெயரிலை இருக்கு, கொன்ஃபிக் ஸ்பேஸை விட்டு வெளியிலை போய் டிவைசின்ரை மெமரியை நேரடியா நோண்டினா அதுகளிலை கை பட்டிடும்.

சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோடை, திருப்பி அடிச்சன். ரெண்டு வரி வேணும், அந்த ரெண்டும் வந்தது. லிங்க் கேப் (ஏலுமான அளவு) எண்ட வரியிலை 2.5 ஜிரி (ஒரு லேனின்ரை வேகம்), எக்ஸ்4. லிங்க் ஸ்டா (இப்ப நிக்கிற நிலை) எண்ட வரியிலை 2.5 ஜிரி, எக்ஸ்1, பக்கத்திலை டவுன்கிரேடட் எண்டு. காட்டுக்கு நாலு லேன், அதாவது டேற்றா போற பாதை, இருக்கு, ஓடுறது ஒரு லேனிலை.

உடனை சந்தோசப்பட்டிடக் கூடாது. டவுன்கிரேடட் எண்டது காட் தன்ரை தகுதியோடை இப்ப நிக்கிற நிலையை ஒப்பிட்டுச் சொல்லுறது மட்டும்தான், மற்றப் பக்கம் நிக்கிற ஸ்லொட்டுக்கு எத்தினை லேன் எண்டு அது பாக்கிறேல்லை. எக்ஸ்4 காட்டை ஒரு லேன் மட்டும் இழுத்திருக்கிற ஸ்லொட்டிலை செருகினாலும் அதே சொல்லுத்தான் வரும், அதிலை பிழை ஒண்டும் இல்லை. அதாலை மேலை, லிங்க்கின்ரை மதர்போர்ட் பக்க முனையா நிக்கிற ரூட் போர்ட்டையும் வாசிக்க வேணும். இந்த மதர்போர்ட்டிலை அதின்ரை முகவரி 00:1சி.0, அதின்ரை லிங்க் கேப்பிலையும் எக்ஸ்4 எண்டுதான் கிடந்தது. ரெண்டு கரையும் நாலுக்குத் தயார், நடுவிலை ஒண்டுதான் ஓடுது. இதே மாதிரி வேகத்தை வாசிக்கேக்கை இன்னொண்டு கவனிக்கோணும், கிராஃபிக்ஸ் காட் சும்மா நிக்கேக்கை கரண்டை மிச்சம் பிடிக்கத் தானா 2.5க்கு இறங்கி நிக்கும், அதைப் பாத்திட்டுப் பழுது எண்டு காட்டைக் கழட்டினவையை நான் கண்டிருக்கிறன். லோட் குடுத்துக்கொண்டு வாசிச்சாத்தான் உண்மை தெரியும்.

நான் செட்பிசிஐ எண்ட கட்டளையாலையும் ஒருக்கா அந்த இலக்கத்தை நேரடியா எடுத்தன், ஏனெண்டா கருவி மொழிபெயர்த்துச் சொல்லுறதை விட மூல இலக்கத்தைக் கண்ணாலை கண்டா எனக்கு மனசு ஆறும். கொன்ஃபிக் ஸ்பேஸிலை 34 எண்ட இடத்திலை (எல்லாம் பதினாறடி எண்) ஒரு சுட்டி இருக்கும், அதைப் பிடிச்சு ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் போனா 10 எண்ட அடையாளத்தோடை பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதி வரும், அதிலை இருந்து 12 தள்ளிக் கிடக்கிறதுதான் லிங்க் ஸ்டேற்றஸ். வாசிச்சா 1011 எண்டு வந்தது. கடைசி 1 வேகம், அதாவது 2.5. அதுக்கு முன்னுக்கு நிக்கிற 1 அகலம், அதாவது ஒரு லேன். சுகமா இருந்திருந்தா 1041 எண்டு வந்திருக்க வேணும். ஒரு இலக்கம்தான் வித்தியாசம், அதுக்காகத்தான் வெளிநாட்டிலை இருக்கிற சனம் கொடியேத்தம் பாக்காமப் போனது. செட்பிசிஐயிலை சமன் குறி போட்டா அது எழுதத் தொடங்கிடும், ஆனபடியா பழகாத ஆக்கள் அதைத் தொடாம எல்எஸ்பிசிஐயோடையே நிக்கிறது நல்லம்.

இதையே சிஸ்எஃப்எஸ்ஸுக்குள்ளை (கேர்னல் ஹாட்வெயர் விபரத்தைப் பைல் மாதிரிக் காட்டிற இடம்) போயும் பாக்கலாம், டிவைசின்ரை போல்டருக்குள்ளை கரண்ட் லிங்க் விட்த், மக்ஸ் லிங்க் விட்த் எண்டு ரெண்டு பைல் இருக்கு, சும்மா திறந்து வாசிச்சாப் போதும், ரூட்டும் தேவையில்லை. ஆனா அந்த போல்டருக்குள்ளை இருக்கிற பைல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை எண்டதை அந்தத் தம்பிக்கு வடிவா விளங்கப்படுத்தினன். வென்டர், டிவைஸ் எண்ட பைலுகளைத் திறந்தா கேர்னல் பூட் ஆகேக்கை ஒருக்கா வாசிச்சு வைச்ச இலக்கத்தைத்தான் தரும். கரண்ட் லிங்க் விட்த்தையோ கொன்ஃபிக் எண்ட பைலையோ திறந்தா அந்த நேரம் ஹாட்வெயரிட்டைப் போய்க் கேட்டு வரும். காட் பஸ்ஸை, அதாவது டேற்றா போற இணைப்பை, விட்டே கழண்டு போனாலும் வென்டர் பைல் பழைய இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கொன்ஃபிக்கை வாசிச்சா எல்லாம் எஃப்எஃப் எண்டு வரும், பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை எண்டதுக்கு அடையாளம் அது. வயரைக் கழட்டிப்போட்டு கெட்டும் குவெரியும் கேட்ட கதையும் இதுதான். கேர்னல் பொய் சொல்லுறேல்லை, நாங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லுது.

இப்ப கணக்கு. 1920 பெருக்கல் 1080 எண்டா 2,073,600 பிக்செல். இந்தக் காட் ஒரு பிக்செலுக்கு 2 பைற் அனுப்புது, அப்ப ஒரு பிறேம் 4,147,200 பைற். 1080ஐ50 எண்டது செக்கனுக்கு முழுப் பிறேம் கணக்கிலை 25, அது 103.68 எம்பி. 1080பி50 எண்டா 207.36 எம்பி. 720பி50 வெறும் 92.16 எம்பி. மற்றப் பக்கம் பாத்தா ஒரு லேன் 2.5 ஜிரி, ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 10 பிட் அனுப்புற முறை எண்டதாலை கையிலை மிஞ்சுறது செக்கனுக்கு 250 எம்பி. 250 பெரிசு 207 சின்னன், பிறகேன் விழுது எண்டு அண்ணை கேட்டார், நல்ல கேள்விதான். அந்த 250 முழுக்கப் படத்துக்கு இல்லை. டேற்றா பக்கற் பக்கற்றாத்தான் போகும், மக்ஸ் பேலோட் (ஒரு பக்கற்றிலை ஆகக்கூடப் போகக்கூடிய டேற்றா) எவ்வளவு எண்டு அதே எல்எஸ்பிசிஐயிலை பாத்தன், 128 பைற். ஒவ்வொரு 128 பைற்றுக்கும் தலைப்பும் இலக்கமும் பிழை பாக்கிற கோடும் எண்டு 20 பைற், முகவரி 4 ஜிபிக்கு மேலை போனா 24 பைற், கூடவே போகுது. கழிச்சுப் பாத்தா 216 இல்லாட்டி 210 எம்பிதான். அதுக்குள்ளை லிங்க்கைப் பராமரிக்கிற சின்னச் சின்னச் செய்திகளும் போக வேணும், ராம் கொஞ்சம் பிந்தி வாங்கினா அந்த நேரமும் போயிடும். 207.36 அதுக்குள்ளை நுழையுது, நுழையாமலும் போகுது. முழுசா நிண்டுபோகாம இடைக்கிடை தத்தினதுக்குக் காரணம் இதுதான். 1080ஐ50 ஓடின காலத்திலை குழாயிலை பாதி கூட நிரம்பேல்லை, பிழை இருந்திருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

அப்ப எப்ப இருந்து இப்பிடி? இதுக்கும் கேர்னலிட்டைப் பதில் இருந்தது. பூட் ஆகேக்கை ஒரு காட் தன்ரை தகுதிக்குக் குறைய நிண்டா கேர்னல் ஒரு வரி எழுதும். எங்கட மெசினிலை அந்த வரி இப்பிடிச் சொல்லுது, இருக்கிற பான்ட்விட்த் 2.000 ஜிபி, 00:1சி.0லை 2.5 ஜிரி எக்ஸ்1 லிங்க்காலை மட்டுப்பட்டிருக்கு, எக்ஸ்4 எண்டா 8.000 ஜிபி ஏலும். இது பிட் கணக்கு, எட்டாலை பிரிச்சா 250உம் 1000உம் எம்பி. பிழையைப் பேர் சொல்லி, இடம் சொல்லி, ஒவ்வொருநாளும் எழுதிக்கொண்டு இருந்திருக்கு. லொக்கை வாசிக்கிற ஜேர்னல்சிடிஎல் கட்டளையிலை பழைய பூட் எல்லாத்தையும் தேடிக்கொண்டு பின்னாலை போனன். பங்குனி உத்தரத்துக்கு முதல்நாள் வரைக்கும் அந்த வரி இல்லை. பங்குனி உத்தரத்துக்கு அடுத்தநாள் காலமை பூட்டிலை இருந்து இருக்கு.

அண்ணையிட்டைக் கேட்டன், பங்குனி உத்தரத்துக்கு எங்கை போனனீங்கள் எண்டு. யோசிச்சிட்டு "வேலணைப் பக்கம் ஒரு கோயில், பட்டா லொறியிலை மெசினை ஏத்திக்கொண்டு போனது, ஒழுங்கை முழுக்கக் குண்டும் குழியும்" எண்டார். போகேக்கை மெசினைப் படுக்க வைச்சனீங்களோ எண்டு கேட்க, நிமித்தித்தான் வைச்சது எண்டு அந்தத் தம்பி சொன்னான். அப்ப கமராவிலை பிழை இல்லை, கமரா வர ரெண்டு மாதத்துக்கு முன்னமே லிங்க் ஒடுங்கிட்டுது. அண்ணை அந்தக் கமராவைக் கையிலை எடுத்துத் துடைச்சு வைச்சதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது, திருப்பிக் குடுத்திடுவம் எண்டு அதுவரைக்கும் கதைச்சுக்கொண்டு இருந்தவர்.

மெசினை நிப்பாட்டி, பவர் வயரையும் கழட்டிப்போட்டுத் திறந்தம். காட் எக்ஸ்4, செருகியிருக்கிறது எக்ஸ்16 நீளமான ஸ்லொட்டிலை. காட்டின்ரை வால்ப் பக்கத்தைப் பிடிக்கிற கொழுக்கி ஸ்லொட்டின்ரை அந்தக் கோடியிலைதான் இருக்கு, எக்ஸ்4 காட் அவ்வளவு தூரம் நீளாது, அப்ப காட்டைப் பிடிச்சிருக்கிறது பின்பக்கத் தகட்டிலை இருக்கிற ஒரே ஒரு ஸ்குறூ மட்டும். தகடு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, ஸ்குறூவை இறுக்க இறுக்க காட்டின்ரை மற்றக் கரை மேலை எழும்புது, பட்டாவிலை குலுங்கினது மிச்சத்தைச் செய்திருக்கு. ரோச் அடிச்சுப் பாத்தா வால்ப் பக்கம் மயிரிழை அளவுக்குத் தூக்கி நிண்டது. லேன் 0 இருக்கிறது காட்டின்ரை அடியிலை இருக்கிற வெட்டுக்குக் கிட்ட, அது நல்லாத் தொட்டுக்கொண்டு நிக்குது. லேன் 2உம் 3உம் வால்ப் பக்கம். மூண்டு லேன் எண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸிலை ஒண்டு இல்லை, ரெண்டுக்கு இறங்கிறது காட் செய்தவையின்ரை விருப்பம், ஒண்டுக்கு இறங்கத்தான் எல்லாக் காட்டும் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும். அதாலைதான் ரெண்டு லேன் போன உடனை நேர எக்ஸ்1ல போய் நிண்டிருக்கு.

தகட்டை நிமித்தி, காட்டை வடிவா அமத்திப் பூட்டி, மூடாமலே பூட் பண்ணிப் பாத்தம். 1041. தம்பி கை தட்டினான். நான் இன்னும் மூட விடேல்லை, ரூட் போர்ட்டின்ரை ஏஇஆர் டெவ் கரெக்டபிள் எண்ட பைலைத் திறந்து பாத்தன், லிங்க்கிலை நடந்து தானா திருத்தப்பட்ட பிழைகளின்ரை எண்ணிக்கை அதிலை ஏறும். ரெக்கோடிங் ஓட விட்டா பாட் ரிஎல்பி (பழுதா வந்து சேர்ந்த பக்கற்) எண்ட வரியிலை இலக்கம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகுது. படத்திலை ஒண்டும் தெரியாது, ஏனெண்டா பிழைச்ச பக்கற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருக்கு, ஆனா தொடுகை இன்னும் முழுச் சுகமில்லை எண்டு அது சொல்லுது. திருப்பிக் கழட்டினம். காட்டின்ரை தங்க விரலுகளிலை வால்ப் பக்கம் மங்கிப்போய் ஒரு படை. ரெண்டு பக்கமும் கடல் கிடக்கிற றோட்டாலை போய்வாற மெசின், மூண்டு மாதமாத் தூக்கி நிண்ட கரை, உப்புக் காத்துப் படாம என்ன செய்யும். ஐசோபுறோபைல் அல்ககோலிலை நூல் விடாத துணியை நனைச்சு ஒரே பக்கமாத் துடைச்சம், ஸ்லொட்டுக்குள்ளை பிளோவர் அடிச்சம். கனபேர் பென்சில் அழிறப்பராலை தேய்க்கிறவை, நான் விடுறேல்லை, தங்கப் பூச்சு மெல்லிசு, ஒருக்காத் தேஞ்சா பிறகு வராது.

பூட்டினாப் பிறகு மூண்டு மணித்தியாலம் 1080பி50ல ஓட விட்டம். 1041, பாட் ரிஎல்பி 0, விழுந்த பிறேம் 0. அதுக்குள்ளை அக்கா ரெண்டுதரம் தேத்தண்ணி கொண்டுவந்திட்டா. அந்தப் பூட்டிலை கேர்னல் லொக்கிலை அந்த வரியும் இல்லை.

காட்டின்ரை வால்ப் பக்கத்துக்குக் கீழையிருந்து தூக்காம மேலையிருந்து அமத்திற மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்ரிக் தாங்கியைக் கேசிங்கிலை ஸ்குறூ பண்ணி விட்டம். வெளியிலை கொண்டுபோகேக்கை மெசினைப் படுக்க வைச்சு, மதர்போர்ட் கீழை வாற பக்கமா, பஞ்சு மெத்தைக்கு மேலை ஏத்தச் சொன்னன், அப்ப காட் நிமிர்ந்து நிக்கும், அதின்ரை பாரம் ஸ்லொட்டுக்குள்ளையே இறங்கும். மற்றது பூட் ஆன உடனை ஓடுற மாதிரி ஒரு சின்ன ஸ்கிறிப்ட் எழுதிக் குடுத்தன். காட்டுக்குரிய கரண்ட் லிங்க் விட்த்தை வாசிக்கும், மக்ஸோடை ஒப்பிடும், குறைஞ்சா திரை முழுக்கச் சிவப்பிலை காட்டும், ஒவ்வொரு தரமும் திகதியோடை ஒரு பைலிலை எழுதி வைக்கும். பதினைஞ்சு வரிகூட வராது. எல்லாரும் ஓபிஎஸ்ஸைத் திறக்கமுன்னம் அந்த இலக்கத்தைப் பாக்க வேணும் எண்டு அண்ணையே ஸ்ரூடியோவிலை சட்டம் போட்டிட்டார்.

தேரண்டு விடிய நாலு மணிக்குக் கோயிலடியிலை மெசினை இறக்கி, வயர் எல்லாம் பூட்டி, அந்தத் தம்பிதான் பூட் பண்ணினவன். அண்ணை மேளச் சத்தத்துக்கு மேலாலை கத்திக் கேட்டார், "தம்பி, நாலு நிக்குதோ?" எண்டு. அவன் நாலு விரலைத் தூக்கிக் காட்டினான். தேர் இருப்புக்கு வந்து சேருமட்டும் ஒரு பிறேம் விழேல்லை.